எனக்கு முன்னால் என்ன அரைச்சீங்க?



"தீம் பார்க் ஓட்டல்களைப் பத்தி நம்ம பத்திரிகையில எழுதப் போறேன்" என்று சொன்னதும் எங்கள் குழு நண்பர் ஒருவர் சிரித்துவிட்டார். "சார், அதையெல்லாம் பேங்க்ல இருந்தப்பவே எழுதியிருக்கணும். இப்ப குதிரைவாலியப் பத்தி எழுதுங்க" என்றார். குதிரைவாலியில்தான் முடிக்கப் போகிறேன். அதற்கு முன்னால் உங்களைப் புளோரிடா வரைக்கும் ஒரு நடை கூட்டிக்கொண்டு போய்வர வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னைத் தெரியாதவர்களுக்கு ஒரு வரி. வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவன். பேரையூர் பக்கம் ஆறு ஏக்கர் கரிசல். மானாவாரியில் குதிரைவாலி, தினை, கம்பு. ரசாயன உரம், பூச்சிமருந்து எதுவும் கிடையாது. விளைந்ததை நாங்களே சுத்தம் செய்து, அரிசியாகவும் மாவாகவும் பாக்கெட் போட்டு விற்கிறோம். 2023-ஐ ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்தபோது எல்லோரையும் போல நாங்களும் பாக்கெட்டில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டினோம். 'குளூட்டன் ஃப்ரீ' என்று. தினையில் குளூட்டன் கிடையாது, அப்புறம் எழுதினால் என்ன என்று நினைத்தேன். அந்த ஸ்டிக்கரை என் கையால் ஒட்டிய பாக்கெட்தான் என் பேத்தியைப் படுக்கையில் போட்டது.

வேர்த்தூவி கருகினால்

மகள் குடும்பம் அட்லாண்டாவில் இருக்கிறது. பேத்திக்கு ஏழு வயது நடக்கும்போது வளர்ச்சி நின்றுபோன மாதிரி இருந்தது. வயிறு மட்டும் உப்பிக்கொண்டு, கை கால் குச்சியாக, ரத்தசோகையோடு சோர்ந்தே கிடந்தாள். இரும்புச்சத்து டானிக் கொடுத்தும் ஏறவில்லை. கடைசியில் ரத்தப் பரிசோதனையும் சிறுகுடலில் சதைத் துணுக்கு எடுத்துப் பார்த்த பரிசோதனையும் செய்து, சீலியாக் நோய் என்றார்கள்.

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள பசைப்புரதம்தான் குளூட்டன். புரோட்டா மாவை இழுத்தால் அறுந்துபோகாமல் நீளுகிறதே, அந்த இழுவையைக் கொடுப்பது இதுதான். சீலியாக் உள்ளவர்கள் உடம்பில் இந்தப் புரதம் போனால், உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் சிறுகுடலையே தாக்குகிறது. குடலின் உட்சுவரில் சத்தை உறிஞ்சும் மெல்லிய விரல்கள் போன்ற உறிஞ்சிகள் தட்டையாகிவிடுகின்றன. நமக்குப் புரிகிற மாதிரி சொன்னால், செடியின் வேர்த்தூவி கருகிப்போன கதை. மண்ணில் எவ்வளவு சத்து இருந்தாலும் செடி வாடும். குழந்தைக்கும் அதுதான் நடந்தது.

இதற்கு மருந்து கிடையாது. வாழ்நாள் முழுக்கக் குளூட்டன் இல்லாத சாப்பாடுதான் மருந்து. நெதர்லாந்தில் டிக்கே என்ற குழந்தை மருத்துவர், 1944-45 போர்க்காலப் பஞ்சத்தில் ரொட்டி கிடைக்காதபோது இந்த நோயுள்ள குழந்தைகள் தேறியதைக் கவனித்தார். கோதுமைதான் காரணம் என்ற அவருடைய ஆய்வேடு 1950-ல் வந்தது. உலகத்தில் ஏறக்குறைய நூற்றுக்கு ஒருவருக்கு இந்த நோய் உண்டு என்கிறார்கள். கோதுமை தின்னும் வட இந்தியாவிலும் கிட்டத்தட்ட அதே கணக்கு. நம் பக்கம் ரொம்பக் குறைவு. அதனால்தான் நமக்கு இது பணக்கார வீட்டு ஃபேஷன் மாதிரி தெரிகிறது. எனக்கும் அப்படித்தான் தெரிந்தது.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கோதுமை விஷம் என்று நான் சொல்லவில்லை. மற்ற தொண்ணூற்றொன்பது பேருக்கு அது நல்ல சாப்பாடு. கோதுமை விளைவிப்பவரும் நம்மைப் போல் ஒரு சம்சாரிதான்.

தாத்தா கொண்டுபோன மாவு

நோய் தெரிந்த அடுத்த வருடம் நானும் வீட்டம்மாவும் அட்லாண்டா போனோம். பேத்திக்கு ரொட்டி இல்லை, கேக் இல்லை என்று கேள்விப்பட்டதும் எனக்குள்ளே ஒரு பெருமிதம். 'நம்மகிட்டத்தான் தினை இருக்கே, கம்பு இருக்கே, இந்தப் பிள்ளைக்கு என்ன குறை?' என்று அஞ்சு கிலோ மாவு அரைத்து, விமான நிலையத்தில் எழுதிக் காட்டி, கொண்டுபோய் இறக்கினேன்.

மறுநாள் காலையில் வீட்டம்மா தினை அடை சுட்டாள். பேத்தி ரெண்டு சாப்பிட்டாள். "தாத்தா ஃபார்ம் அடை" என்று குதித்துக்கொண்டு போனாள். மூன்று மணி நேரம் ஆகவில்லை, வாந்தி. குடித்த தண்ணீர்கூடத் தங்கவில்லை. ராத்திரி முழுக்க வயிற்று வலியில் முனகினாள். அதற்கப்புறமும் ஒரு வாரம் பிள்ளை பிள்ளையாக இல்லை.

மகள் என்னிடம் கோபப்படவில்லை. அதுதான் ரொம்பக் கஷ்டமாக இருந்தது. மெதுவாகக் கேட்டாள்.

"அப்பா, இத எங்க அரைச்சீங்க?"

"நம்ம ஊரு மில்லுலதாம்மா. வேற எங்க?"

"உங்களுக்கு முன்னால அதுல என்ன அரைச்சாங்க?"

எனக்குத் தெரியவில்லை. யோசித்துப் பார்த்தேன். எனக்கு முன்னால் ஒரு அம்மா தூக்குவாளியோடு நின்றது ஞாபகம் வந்தது. சப்பாத்திக்குக் கோதுமை. அவருக்கு அரைத்துக் கொட்டிய கையோடு என் தினையைக் கொட்டினார்கள். மில்காரர் மேல் ஒரு தப்பும் இல்லை. அவர் என்றைக்கும் போல அரைத்தார். ஸ்டிக்கர் ஒட்டியவன் நான்.

ஆர்லாண்டோவில் ஐந்து நாள்

பேத்தியின் பள்ளி விடுமுறைக்கு ஆர்லாண்டோ போவதென்று முன்னாலேயே முடிவு செய்திருந்தார்கள். ஊருக்குத் தெற்கே வால்ட் டிஸ்னி வேர்ல்டு. 1971-ல் திறந்தது. சுமார் 25,000 ஏக்கர் என்றதும் என்னையறியாமல் எத்தனை ஊராட்சி வரும் என்று கணக்குப் போட்டேன். அதற்குள்ளே நான்கு தனித்தனிப் பூங்காக்கள். காரில் ஏழு மணி நேரப் பயணம்.

எனக்குப் போகவே பயம். வீட்டில் சொந்தத் தாத்தா பாட்டி கையால் செய்ததே இப்படி ஆகிவிட்டது. தினமும் பல்லாயிரம் பேருக்கு அவசர அவசரமாகப் பொரித்துப் போடும் இடத்தில், பர்கரும் பீட்சாவும் பாஸ்தாவும் மாவாகப் பறக்கும் இடத்தில், இந்தப் பிள்ளை என்னத்தைச் சாப்பிடும்? பேத்தியும் அன்றிலிருந்து எதைக் கொடுத்தாலும் முகர்ந்து பார்த்துவிட்டு அம்மா முகத்தைப் பார்ப்பாள். நான் ஆரஞ்சு உரித்துக் கொடுத்தால்கூட அம்மா முகத்தைப் பார்ப்பாள்.

முதல் நாள் மதியம், உட்கார்ந்து சாப்பிடும் ஓட்டல். மேஜை பதிவு செய்யும்போதே மகள் பேத்தியின் நோயைக் குறிப்பிட்டிருந்தாள். உட்கார்ந்ததும் பரிமாறுகிற பெண், ஒவ்வாமை உள்ளவர்களுக்கான தனி மெனு அட்டையை எடுத்துவந்தார். கோதுமை, பால், முட்டை, வேர்க்கடலை என்று எது ஆகாதோ அதன்படி பிரித்துப் போட்டிருந்தார்கள். மகள் கேட்டதும் சமையற்காரர் ஒருவர் வெள்ளைக் கோட்டோடு மேஜைக்கே வந்து, குழந்தையின் உயரத்துக்குக் குனிந்து பேசினார். "உனக்கு உருளைக்கிழங்கு வறுவல் வேணுமா? அதுக்குன்னு தனி எண்ணெய் வச்சிருக்கோம். ரொட்டித்தூள் போட்ட எதையும் அதுல போடறதில்ல" என்றார். பேத்தி அம்மா முகத்தைப் பார்த்தாள். மகள் தலையாட்டினாள்.

மெனுவில் ஒன்றைக் கவனித்தேன். 'குளூட்டன் இல்லாதது' என்று அதில் அடித்துச் சொல்லவில்லை. 'ஒவ்வாமை உள்ளவர்களுக்கு உகந்தது' என்றுதான் இருந்தது. எங்களிடம் தனிச் சமையலறை கிடையாது, கவனமாகச் செய்கிறோம், ஆனாலும் கலப்பு நேர வாய்ப்பு உண்டு, தெரிந்து முடிவு செய்துகொள்ளுங்கள் என்ற கருத்தில் வெளிப்படையாகவே எழுதியிருந்தார்கள். எனக்கு என் ஸ்டிக்கர் ஞாபகம் வந்தது. இவ்வளவு பெரிய கம்பெனி, இத்தனை ஏற்பாடு வைத்துக்கொண்டு, அளந்து எழுதுகிறது. அஞ்சு கிலோ மாவு அரைத்த நான் அளக்காமல் எழுதினேன்.

எண்ணெய்ச் சட்டியும் கையுறையும்

அந்த ஐந்து நாளும் மகள் கவுண்டரில் நின்று கேட்ட கேள்விகளை நான் பக்கத்தில் நின்று பாடம் மாதிரி படித்தேன். இந்த நோயில் 'என்ன பொருள்' என்பதைவிட 'எதோடு எது பட்டது' என்பதுதான் முக்கியம்.

உருளைக்கிழங்கில் குளூட்டன் கிடையாது. ஆனால் மாவில் புரட்டிய கோழித்துண்டைப் பொரித்த எண்ணெயில் போட்டால் போச்சு. சோளமாவு ரொட்டியில் கிடையாது. ஆனால் கோதுமை ரொட்டி சுட்ட அதே கல்லில் சுட்டால் போச்சு. குளூட்டன் இல்லாத பன் இருக்கும். அதைச் சாதாரண ரொட்டி வாட்டும் டோஸ்டரில் வாட்டினால் போச்சு. சாலட் செய்பவர் அதற்கு முன்னால் சாண்ட்விச் செய்திருந்தால், கையுறையை மாற்ற வேண்டும். ஐஸ்கிரீம் சரியாக இருந்தாலும் கோன் கோதுமை. அதனால் கப்பில்தான் வாங்க வேண்டும். மேஜிக் கிங்டம் பூங்காவில் அன்னாசி ருசியில் டோல் விப் என்று ஒரு மென் ஐஸ்கிரீம் பேர்போனது. பேத்தி அதைக் கப்பில் வாங்கி, வெயிலில் உருகி வழிய வழிய நக்கிச் சாப்பிட்டாள்.

இதெல்லாம் நமக்குப் புரியாத விஷயமில்லை. பக்கத்து வயல்காரர் தெளிக்கும் மருந்து காற்றில் நம் பயிருக்கு வந்துவிடக் கூடாதென்று வரப்போரம் இடைவெளி விட்டு, உயிர்வேலி வைக்கிறோமே, அதேதான். அவர் வாடகைக்கு விட்ட தெளிப்பானைக் கழுவாமல் நம் பஞ்சகவ்யத்தை ஊற்றித் தெளிப்போமா? வயலில் தெரிந்ததை மில்லில் மறந்துவிட்டேன்.

எல்லா இடத்திலும் இப்படி அமையவில்லை. வேறொரு பூங்கா, பெயர் வேண்டாம். அவசர உணவுக் கடை. நீண்ட வரிசை. வறுவலில் குளூட்டன் இல்லை என்று கவுண்டரில் இருந்த பையன் சொல்லிவிட்டான். மகள் விடவில்லை. "இதே எண்ணெயில வேற என்ன பொரிக்கிறீங்க?" என்று கேட்டாள். பையன் உள்ளே எட்டிப் பார்த்து, "வெங்காய வளையம்" என்றான். நம்ம ஊர் பஜ்ஜி மாதிரி, ஆனால் கோதுமை மாவில் முக்கியது. மகள் நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டாள். பையிலிருந்த இட்லியும் பொடியும் எடுத்து மர நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டோம். பெரும்பாலான பூங்காக்களில் உணவுக் கட்டுப்பாடு உள்ளவர்கள் சொந்தச் சாப்பாடு கொண்டுபோக அனுமதி உண்டு. பொய் சொல்லவேண்டும் என்று அந்தப் பையன் சொல்லவில்லை. தினையில் குளூட்டன் இல்லை என்று நான் சொன்ன மாதிரிதான் அவனும் சொன்னான்.

கடைசி நாள் சாயங்காலம் டிஸ்னி ஸ்பிரிங்ஸ் என்ற கடைவீதிக்குப் போனோம். அங்கே எரின் மெக்கென்னா என்ற பேக்கரி. கடைக்குள் கோதுமையே நுழைவதில்லை. எல்லாமே குளூட்டன் இல்லாத பண்டம். பேத்தி கண்ணாடிப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "இதுல எது நான் சாப்பிடலாம்?" என்று கேட்டாள். "எல்லாமே" என்றாள் மகள். பிள்ளை ஒரு டோனட் எடுத்தது. அன்றைக்கு அம்மா முகத்தைப் பார்க்கவில்லை. வீட்டம்மா திரும்பி நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இதுதான் வித்தியாசம். ஒரே சமையலறையில் கவனமாகச் செய்வது ஒரு வழி. அதற்கு ஒவ்வொரு முறையும் கேள்வி கேட்க வேண்டும். கோதுமையே நுழையாத சமையலறை இன்னொரு வழி. அங்கே பிள்ளை பிள்ளையாக இருக்கலாம்.

பதினோரு நாட்டுச் சாப்பாடு

உழவனாக எனக்குப் பிடித்த இடம் எப்காட் பூங்கா. அங்கே ஒரு ஏரியைச் சுற்றிப் பதினோரு நாடுகளின் அரங்குகள். ஒவ்வொன்றிலும் அந்த நாட்டுச் சாப்பாடு. பேத்திக்காகத் தேடிக்கொண்டு போகும்போதுதான் ஒவ்வொரு நாட்டு வயலும் தட்டில் தெரிந்தது. மெக்சிகோவில் மக்காச்சோள ரொட்டி. நம்ம கம்பு ரொட்டிக்கு ஒன்றுவிட்ட தம்பி. ஜெர்மனியில் முறுக்கு மாதிரி வளைத்துச் சுட்ட பிரெட்சல், பார்லி பீர். அங்கே பேத்திக்கு அநேகமாக ஒன்றும் தேறாது. ஜப்பானில் அரிசிச் சோறு, அப்பாடா என்று நினைத்தேன். மகள் நிறுத்தினாள். "சோயா சாஸ்ல கோதுமை சேர்ப்பாங்கப்பா." சோயா என்று பேர் வைத்துக்கொண்டு கோதுமையா என்று எனக்கு ஆச்சரியம். உடனே வீட்டம்மா கேட்டாள்: "நம்ம பெருங்காயத்துல மைதா சேர்க்கிறதில்லையா?" உண்மைதான். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயம் பலதில் கோதுமை மாவோ மைதாவோ சேர்ந்திருக்கும். பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். நம்ம சாம்பார் சீலியாக் உள்ளவருக்கு ஆகாமல் போவது அந்த ஒரு சிட்டிகையால்தான்.

அதே எப்காட்டில் 'தி லேண்ட்' என்று ஓர் அரங்கம். படகில் ஏற்றி, கண்ணாடிக் குடில்களுக்குள் கூட்டிப்போகிறார்கள். மண்ணே இல்லாமல் தக்காளி, கத்தரி, பூசணி. மண்ணை நம்பி வாழும் எனக்கு வேர் அந்தரத்தில் தொங்குவதைப் பார்க்க ஒரு மாதிரி இருந்தது. நம் வழி அது இல்லை. ஆனால் தீமை செய்யும் பூச்சிகளுக்கு நன்மை செய்யும் பூச்சிகளை விடுகிறார்கள் என்றதும் படகிலேயே கைதட்டினேன். அங்கே விளைவதில் ஒரு பகுதி அங்குள்ள ஓட்டல்களுக்கே போகிறது. அரங்கத்தின் மேலேயே கார்டன் கிரில் என்ற ஓட்டல், மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். அங்கே மிக்கி மவுஸ் உழவர் உடையில் மேஜைக்கு வந்து கைகுலுக்கியது. "தாத்தாவும் ஃபார்மர்" என்று பேத்தி என்னைக் காட்டினாள். அடை சாப்பிட்டு விழுந்ததற்கு அப்புறம் அவள் என்னைப் பற்றிப் பேசிய முதல் நல்ல வார்த்தை அது.

ஐந்து கோதுமை மணி

வங்கிப் புத்தி விடுமா? ஊர் திரும்பியதும் கணக்குப் போட்டேன்.

அமெரிக்காவில் 2013-ல் வந்த விதிப்படி, ஒரு பொருளைக் குளூட்டன் இல்லாதது என்று எழுத, ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்குக் குறைவாகத்தான் குளூட்டன் இருக்க வேண்டும். நம்ம நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதியிலும் 20 மில்லிகிராம்தான் எல்லை.

ஒரு கோதுமை மணி சுமார் 40 மில்லிகிராம் எடை. அதில் பத்தில் ஒரு பங்கு குளூட்டன் என்று வைத்தால், மணிக்கு 4 மில்லிகிராம். அப்படியானால் ஒரு கிலோவில் ஐந்து கோதுமை மணி விழுந்தால் எல்லைக்கு வந்துவிட்டோம். ஒரு கிலோ தினையில் மூன்று லட்சம் மணிக்கு மேல் இருக்கும். மூன்று லட்சத்தில் ஐந்து! மாவாகச் சொன்னால் ஒரு கிலோவுக்கு 200 மில்லிகிராம் கோதுமை மாவு. விரல் நுனியில் எடுக்கும் ஒரு சிட்டிகைகூட வேண்டாம். மில்லின் கல்லிடுக்கிலும் மாவு விழும் துணிப்பையிலும் ஒட்டிக்கொண்டிருப்பது எவ்வளவு இருக்கும் என்று நீங்களே யோசியுங்கள்.

நம்ம மில்லில் மிளகாய்க்குத் தனி மிஷின் வைத்திருக்கிறோம். சீயக்காயை மாவு மிஷினில் போட விடுவோமா? சண்டைக்குப் போவோம். காரமும் கசப்பும் நாக்குக்குத் தெரிகிறது. கோதுமை கலந்தது தெரிவதில்லை, அவ்வளவுதான்.

நான் என்ன செய்தேன்

முதல் வேலையாகக் கையிலிருந்த ஸ்டிக்கர் அத்தனையும் கிழித்துப் போட்டேன். வாடிக்கையாளர்களுக்குப் போன் போட்டு, யாருக்காவது சீலியாக் இருந்தால் எங்கள் மாவை வாங்க வேண்டாம் என்று சொன்னேன். ஒருவர்கூட இல்லை. ஆனாலும் சொன்னேன்.

அப்புறம் எங்கெங்கே கோதுமை ஒட்ட வாய்ப்பு இருக்கிறது என்று பட்டியல் போட்டேன். நமக்கு ஒரு வசதி உண்டு. நம் பக்கத்து வயல்களில் கோதுமை இல்லை, அறுவடை இயந்திரத்திலும் இல்லை. களம் வரைக்கும் நம் தானியம் சுத்தம். கெடுவதெல்லாம் களத்துக்கு அப்புறம்தான். கடையில் வாங்கிய பழைய சாக்கு. பொது உலர்களம். எல்லாத் தானியமும் ஓடும் சலிப்பு மிஷினும் கல் நீக்கும் மிஷினும். கடைசியாக மில்.

புதுச் சாக்கு வாங்கினேன். குழுவில் மூன்று பேர் சேர்ந்து சின்ன மாவு மிஷின் ஒன்று வாங்கி, என் மாட்டுக்கொட்டகை ஓரத்தில் தடுத்துப் போட்டோம். அதில் எங்கள் சிறுதானியம் தவிர எதுவும் போகாது. சப்பாத்தி சாப்பிட்ட கையோடு உள்ளே வரக்கூடாது என்று வீட்டம்மா போர்டு எழுதி மாட்டிவிட்டாள். வங்கியில் பெட்டகத்துக்கு இரண்டு சாவி, இரண்டு பேர் வந்தால்தான் திறக்கும். இங்கேயும் அதே முறை. அரைப்பவர் ஒருவர், நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுபவர் இன்னொருவர்.

பழைய மில்லில் அரைத்த மாவு ஒரு பாக்கெட் மீதி இருந்தது. அதையும் புது மிஷின் மாவையும் ஆய்வகத்தில் கொடுத்தேன். பழையது எல்லையைத் தாண்டியிருந்தது. புதியது எல்லைக்கு உள்ளே. ஒரு பரிசோதனையை வைத்து மறுபடியும் ஸ்டிக்கர் அடிக்க எனக்குத் தைரியம் இல்லை. இப்போது பாக்கெட்டில் இப்படி எழுதுகிறோம்: "கோதுமை அரைக்காத மிஷினில் அரைத்தது. அரைத்த தேதி, பரிசோதித்த தேதி இன்னது." தெரிந்ததை மட்டும் எழுதுகிறோம்.

போகிறவர்கள் கவனத்துக்கு

பிள்ளைகள் வெளிநாட்டில் உள்ளவர்கள் நம்மில் நிறையப் பேர் இருக்கிறோம். இந்த நோயுள்ள பேரப்பிள்ளையோடு தீம் பார்க் போக நேர்ந்தால், மகளிடம் நான் கற்றது இது:

1. டிஸ்னி வேர்ல்டில் உட்கார்ந்து சாப்பிடும் ஓட்டலுக்கு 60 நாள் முன்னாலேயே மேஜை பதிவு செய்யலாம். அப்போதே நோயைக் குறிப்பிடுங்கள். போனதும் மறுபடியும் சொல்லுங்கள்.

2. கூட்டம் ஏறுமுன் சாப்பிடப் போங்கள். பதினொரு மணிக்குச் சமையற்காரருக்குப் பேச நேரம் இருக்கும். ஒரு மணிக்கு இருக்காது.

3. 'குளூட்டன் இருக்கா?' என்று மட்டும் கேட்காதீர்கள். எண்ணெய் தனியா, கல் தனியா, டோஸ்டர் தனியா, கையுறை மாற்றினீர்களா, சாஸில் என்ன என்று கேளுங்கள்.

4. பதில் சொல்பவர் தயங்கினால் நன்றி சொல்லிவிட்டு நகருங்கள். தெரியாது என்று சொல்பவர் நல்லவர்.

5. பையில் எப்போதும் சொந்தச் சாப்பாடு இருக்கட்டும். கண்ணாடிப் பாத்திரம் வேண்டாம், உள்ளே விடமாட்டார்கள். இட்லி, எலுமிச்சைச் சாதம், வேகவைத்த கிழங்கு, பழம். தாளிப்பில் கூட்டுப் பெருங்காயம் வேண்டாம்.

6. பிள்ளை முன்னால் 'பாவம்' என்று சொல்லாதீர்கள். எனக்கு மகள் கொடுத்த கட்டளை இது.

நம்ம மில்லுக்கு வருவோம்

சிறுதானியத்தை மருந்து மாதிரிப் பேசி விற்கிறோம். அதை நம்பி உண்மையிலேயே மருந்தாகச் சாப்பிடுபவர் நூற்றில் ஒருவர் இருப்பார். மற்ற தொண்ணூற்றொன்பது பேரை நம் ஸ்டிக்கர் ஒன்றும் செய்யாது. அந்த ஒருவருக்குத்தான் வலிக்கும். வலிப்பதும் நமக்குத் தெரியவராது, பாக்கெட் போய்ச் சேர்ந்த ஊர் தூரம். எனக்குத் தெரிந்தது, அது என் வீட்டிலேயே நடந்ததால்.

பொரித்ததும் சர்க்கரையும் விற்கும் தீம் பார்க்கை நாம் கேலி செய்வோம். நானும் செய்வேன். ஆனால் அந்தச் சமையலறையில் ஒரு குழந்தைக்காகக் கையுறை மாற்றினார்கள். இயற்கை விவசாயி என்று சொல்லிக்கொள்ளும் நான் சாக்கை மாற்றவில்லை.

ஒவ்வொருவரும் மிஷின் வாங்க முடியாது. அஞ்சாறு ஊருக்கு ஒன்று என்று கோதுமை நுழையாத ஒரு மில், ஒரு சலிப்பு மிஷின் இருந்தால் போதும். எங்கள் மிஷினில் வாரத்தில் இரண்டு நாள் மற்றவர்களுக்கு அரைத்துக் கொடுக்கத் தயாராக இருக்கிறோம். ஒரே நிபந்தனை, புதுச் சாக்கில் கொண்டுவர வேண்டும். அடுத்த மாதக் கூட்டத்தில் இதைப் பேசலாம். பாக்கெட்டில் 'குளூட்டன் ஃப்ரீ' என்று அடித்திருப்பவர்கள், அதுவரைக்கும் ஒன்று செய்யுங்கள். மாவு அரைக்கப் போகும்போது மில்காரரிடம் கேளுங்கள்: "அண்ணே, எனக்கு முன்னால என்ன அரைச்சீங்க?"

புது மிஷினில் அரைத்த தினை மாவை, ஆய்வக ரிப்போர்ட்டோடு போன மாதம் மகளுக்கு அனுப்பினேன். ரிப்போர்ட்டை மருத்துவரிடம் காட்டிவிட்டுச் சொல்கிறேன் என்றாள். இன்னும் சொல்லவில்லை. அவசரமில்லை. அவள் கேட்கிற கேள்விகளுக்கு இந்த முறை என்னிடம் பதில் இருக்கிறது.